தட்டுத் தண்ணீர்

மூன்று பேர்தான் மேடை ஏறுவார்கள் என்று ஹிசாதோவிடம் சொல்லியிருந்தார்கள்.

நான்காவதாக ஆற்றுப்பூதமான கப்பாவும் வந்தது.

பச்சை முகம், அலகு வாய், முதுகில் ஆமை ஓடு, தலை உச்சியில் தண்ணீர்த் தட்டு. ஆற்றங்கரையில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். உதிர்ந்துகொண்டிருந்த செர்ரிப் பூக்களுக்கு நடுவே, மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஹிசாதோ மட்டும் அசையாமல் நின்றார்.

அந்த முகமூடிக்குள் இருக்க வேண்டியவர் அவர்தான்.

‘ஈரப்பாதம்’ இசைக்குழுவில் யார் யார் என்று, வீட்டாரைத் தவிர, தோனோ ஊரில் ஒருவருக்கும் தெரியாது. முகமூடியைக் கழற்றுவதில்லை, பெயர் சொல்வதில்லை. நீள மூக்கு மலைப்பூதமான தெங்கு, நரி, ஒற்றைக்கண் குடைப்பேய், கப்பா. அவ்வளவுதான்.

கூரைப் பனியைத் தள்ளும்போது விழுந்து ஹிசாதோவின் மணிக்கட்டு முறிந்த அன்று, தெங்குவாக வரும் குரமோச்சி மருத்துவமனையிலேயே வாக்குக் கொடுத்தான்.

“வெளியாள் எவன் தலையிலயும் உன் முகமூடி ஏறாதுடா. விழாவுக்கு நீ வராத, கூட்டத்துல கை இடிபடும்.”

கப்பா இல்லாவிட்டால் நிரந்தரமாக வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று குழுவை நடத்தும் முதலாளி மிரட்டியிருந்தார். அதற்கும் குரமோச்சி மசியவில்லை என்றுதான் ஹிசாதோ நம்பியிருந்தார். மூன்று பேராகத் திணறுவார்களே என்ற கவலையில், ஆற்றங்கரைச் சிறு கோயிலில் அவர்களுக்காகக் கைகூப்பி வேண்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார்.

யாரும் திணறவில்லை.

புதியவனின் பேஸ் கிதார் நிதானமாக ஓடியது. ஹிசாதோவுக்கு ஒருநாளும் கைவராத நிதானம். கப்பாவுக்கே உரிய கூன் நடையைக்கூடக் கச்சிதமாகப் பழகியிருந்தான். அப்படியென்றால் எத்தனை நாள் ஒத்திகை நடந்திருக்கும்? அத்தனை நாளும் குரமோச்சி தொலைபேசியில் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டும் இருந்திருக்கிறான்.

மனைவி சனாயேவிடம் இதை எப்படிச் சொல்வது?

கல்லூரியில் அவருக்கு பேஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். ஒரு வீட்டுக்கு ஒரு கிதார் போதும் என்று சிரித்தபடி கல்யாணத்தோடு நிறுத்திவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் முதியோர் இல்லத்தில் கூடுதல் வேலை. இன்று காலை போகிற அவசரத்திலும், மதிய மாத்திரையை அவர் சட்டைப்பையில் போட்டு, ஒற்றைக் கையால் திறக்க வசதியாகத் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டுத்தான் போனாள்.

அவள் தாங்கமாட்டாள்.

பாட்டு முடிந்தது. வழக்கமான விளையாட்டு தொடங்கியது. முன்வரிசை முழுவதும் சிரித்துக்கொண்டே கப்பாவுக்குத் தலைவணங்கியது.

வணங்கியவருக்குப் பதில் வணக்கம் செய்யாமல் கப்பாவால் இருக்க முடியாது. குனிந்தாலோ தட்டுத் தண்ணீர் கொட்டிவிடும், பலம் போய்விடும். அதனால் ஹிசாதோ ஒவ்வொரு முறையும் தெங்குவின் முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிவார். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. தண்ணீர்போலத் தெரிய பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொள் என்று மற்றவர்கள் கேலி செய்தாலும், பார்க்க வருகிறவர்களை ஏமாற்றக்கூடாது என்று உண்மைத் தண்ணீரையே ஊற்றிக்கொள்வார்.

புதிய கப்பாவும் ஓடி ஒளிந்தது.

பக்கத்தில் நின்ற பெண் அவருடைய கட்டைப் பார்த்துச் சிரித்தாள். “என்னண்ணே, கப்பாகூட மல்லுக்கட்டித்தான் ஒடிஞ்சுதா? நீங்களும் ஒரு தடவ குனிங்க. இன்னைக்காவது மாட்டுதான்னு பாப்போம்.”

ஹிசாதோ மேடை விளிம்புக்குப் போனார்.

உண்மையான கப்பா குனியாது. இது குனிந்தால், போலி என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

மாவுக்கட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இடுப்புவரை குனிந்தார்.

தெங்குவின் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த கப்பா அந்தக் கட்டைப் பார்த்தது. வெளியே வந்தது. தெங்கு கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. விளிம்பில் மண்டியிட்டு, அவருக்கு முன்னால் தலையைத் தாழ்த்தியது.

தண்ணீர் முழுவதும் கொட்டியது.

சிரிப்பு நின்றது. “இது நம்ம கப்பா இல்ல,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கப்பா நிமிரவில்லை.

இனி ஹிசாதோ எதுவும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும், கூட்டமே இதை விரட்டிவிடும். அவருடைய இடம் அவருக்குத் திரும்பிவிடும். கொட்டிய தண்ணீரை ஊற்றிக்கொடுத்தாலோ, இதுதான் கப்பா என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

யார் பெற்ற பிள்ளையோ. ஒளிய இடமிருந்தும் வந்து தலையைக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறது.

காலியான தட்டைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மாவுக்கட்டின் நுனியால் அலகைத் தொட்டுக் கப்பாவை நிமிர்த்தினார். தளர்ந்திருந்த மூடியைப் பெருவிரலால் தள்ளிவிட்டு, கழுத்துவரை நிறைந்திருந்த தண்ணீரைக் கோயிலில் ஊற்றுவதுபோல மெல்லத் தட்டில் ஊற்றினார்.

இதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று நினைத்துக் கூட்டம் ஆரவாரித்தது.

அந்தச் சத்தத்துக்கு அடியில், முகமூடிக்குள்ளிருந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

“பாட்டில் அப்படியே இருக்கே. இன்னும் மாத்திரை போடலையா நீங்க?”

பாட்டிலில் ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது.