சும்மா இருந்த இடைவெளி

கணினிக்கு ஒரே குழப்பம். குழாயில் அடைத்த வெடிமருந்து வெளியுலகில் டமாலென்று வெடிக்கிறது. தன் திரையில் வரைந்தால் மட்டும் ஊதுபத்தி மாதிரி புகைகிறது. இன்றும் வெடிக்காவிட்டால் தன்னைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடுவார்கள்.

திரையிலிருந்த நெருப்பை விசாரித்தது. "நான் ஒவ்வொரு தூளாகப் பற்றிக்கொண்டு நடக்கத்தானே செய்தேன்" என்றது நெருப்பு.

"யாரையாவது வரையாமல் விட்டுவிட்டேனா?"

"இடைவெளியை விட்டுவிட்டாய்" என்றது மருந்துத் தூள். "அது கிடக்கட்டும். எங்கள் நடுவே சூடான காற்றுக்கு வழிவிட்டுக்கொண்டு சும்மா இருக்கும், அவ்வளவுதான்."

கணினி அந்தச் சும்மாவையும் வரைந்து பார்த்தது. நெருப்பு நடந்தது. சூடான காற்று இடைவெளிகளில் புகுந்து முந்தி ஓடியது. நெருப்பும் பின்னாலேயே ஓடியது. அடுத்த நொடி டமால்! திரை முழுக்க வெள்ளை.

"யார் செய்தது?" என்றது கணினி.

"எனக்கென்ன தெரியும்?" என்றது இடைவெளி. "நான் சும்மாதானே இருந்தேன்."