கட்டைவிரல்

மழை விட்ட புல்வெளியில் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியில் பழைய ஓவியங்களை மதிப்பிடும் வியாபாரி லாக்வுட், வழக்கம்போல முதலில் படத்தைத் திருப்புகிறார். முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது என்று வாராவாரம் சொல்பவர். மரச்சட்டத்தின் மூலையில் அவர் பெயர் அச்சிட்ட கடைச்சீட்டே மஞ்சளாகி ஒட்டியிருக்கிறது. நகலென்று தெரிந்தே அவர் அசலாக விற்ற படம். அவர் கட்டைவிரல் தானாக நகர்ந்து சீட்டை மூடுகிறது. "செத்துப்போன எங்க வீட்டுக்காரர் உங்ககிட்டதான் வாங்கினாரு, மிஸ்டர் லாக்வுட். பக்கத்து வீட்டு டோரீன் போலின்னு கேலி பண்றா. அவ வாயை இன்னைக்கு அடைச்சிருங்க" என்கிறாள் படத்தைக் கொண்டுவந்த எட்னா. கூட்டம் சிரிக்கிறது. ஈர இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. லாக்வுட் விரலை இன்னும் அழுத்திப் பிடிக்கிறார். கேமரா நெருங்குகிறது. "தன் பேரைக் காட்டிக்க எவ்வளவு கூச்சம் பாருங்க மனுஷனுக்கு" என்று கூட்டத்திடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, எட்னா அந்த விரலை மெல்ல விலக்குகிறாள்.