அணில் வீட்டு விண்ணப்பம்

ஒரு தோப்பிலே ஒரு அணில் குடும்பம். மகள் பொன்னரசியைப் பெரிய மரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்க்க, அம்மாவும் அப்பாவும் மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் விண்ணப்பம் எழுதினார்கள். வால் நீளம், தாவும் தூரம் எல்லாம் எழுதியாயிற்று. கடைசிக் கேள்வியில் கை நின்றது: ‘உனக்கு என்ன பிடிக்கும்?’

“கொய்யான்னு போடு,” என்றார் அப்பா.

“நாவல்பழம்னு போட்டாத்தாங்க மதிப்பு.”

“போன வருஷம் நாவல் போட்டவனுக்கே இடம் கிடைக்கலையாம்.”

அம்மாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். “ஏங்க, நிஜமாவே இவளுக்கு என்னதான் பிடிக்கும்?”

அப்பா யோசித்து யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த மகளிடம் அம்மா ஆவலாகக் கேட்டாள்: “உனக்கு என்னம்மா பிடிக்கும்?”

தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பொன்னரசி திரும்பிப் பார்த்தாள்.