காலிப் பானை

மனைவி தையல்நாயகி செத்துப்போன பிறகு, முதல் தடவையாக மருமகள் வெந்நீர் போட்டுக் கொல்லையில் இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். சிங்காரவேலு துவைகல்லில் உட்கார்ந்து ஒரு சொம்பு மொண்டு தோளில் ஊற்றினார். தோள் வெந்துபோயிற்று. அண்டாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் பானையைத் திரும்பிப் பார்த்தார். அவர் குளிக்க வரும்போதெல்லாம் அது காலியாகத்தான் கிடக்கும். "வெறும் பானைய எதுக்குடி வழியில வெக்கிற?" என்று மனைவியிடம் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறார். அவள் அண்டாவில் விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இன்று அதில் பச்சைத் தண்ணீர் விளிம்புவரை நின்றது.

"பச்சத்தண்ணி ஊத்தி வெளாவிக்கிட்டீங்களா மாமா?" என்று உள்ளேயிருந்து மருமகள் கேட்டாள்.

"ஆச்சும்மா" என்றார். பானையைத் தொடாமல், அண்டாவிலிருந்தே இன்னொரு சொம்பு மொண்டார்.