மச்சான் முறை

ஏசி ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. கழற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஊதி, மறுபடி மாட்டினேன்.

“போச்சா?” என்று டிரைவர் சீட்டிலிருந்தே கேட்டான் முயுண்டா.

“போகல.”

சிருண்டு எல்லைச் சாவடியில் அக்டோபர் மாதத்து மத்தியானம். எங்கள் பக்கம் அதுதான் உச்சக் கோடை. கதவுக் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடியும். முயுண்டாவின் லாரி நாலு நாளாக வரிசையில் நின்றது. நாலு இரவும் அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வெந்துகொண்டு கிடந்திருக்கிறான். கண்ணாடியை இறக்கினால் தலைமாட்டுக்குத் திருடன் கை வரும். இறங்கி மரத்தடியில் படுத்தால், எழுந்து பார்க்கும்போது டீசல் டாங்க் காலியாக இருக்கும்.

இன்றைக்குத்தான் கஸ்டம்ஸ் பேப்பர் கைக்கு வந்தது. நாலு மணிக்குள் எல்லைக் கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் மலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே செப்புத் தகடு ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டிகள். பள்ளத்தில் கிடக்கிற லாரிகளை நாங்கள் எண்ணுவதை விட்டு வெகு காலமாகிறது.

“ரெண்டு மணி நேரம், மச்சான். ஜில்லுனு ரெண்டே மணி நேரம் தூங்கிட்டேன்னா மலை ஏறிடுவேன். காலையில வண்டிய நகத்தும்போதே தூங்கி, முன்னாடி வண்டியில முட்டப் பாத்தேன்.”

அவன் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

மச்சான் என்றால் சொந்தம் இல்லை. அவன் ஆற்று மீன் தின்கிற லோசி, நான் மாடு வளர்க்கிற டோங்கா. இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. அவன் என்னை மாட்டுத் திருடன் என்பான். நான் அவனை என் அடிமை என்பேன். சாவு வீட்டில்கூட விட மாட்டோம். கோபித்துக்கொள்கிறவன்தான் மரியாதை கெட்டவன். சொன்னதை நிஜமென்று எடுத்துக்கொள்கிறவன் அவனைவிட முட்டாள்.

ரிலேயைப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் டிக் என்றது. கேஜை மாட்டிப் பார்த்தேன். கேஸ் முழுசாக இருந்தது. காற்று வருகிற துளையில் கை வைத்தால் அடுப்பு வாயில் வைத்த மாதிரி இருந்தது. டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குக் கீழே குனிந்தேன்.

“என்னடா மாட்டுக்காரா, ஒயர்ல பால் கறக்கறியா?”

“உன் மீன் நாத்தத்துல மூச்சு முட்டுது. அதான் லேட்டு.”

பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. பேட்டரியிலிருந்து கம்ப்ரசருக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பார்ப்பது. அது வேலை செய்தால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதலில் அதைத்தான் செய்வான். நான் அதைச் செய்யவில்லை. நன்றாக இருந்த ஃபியூஸையே மறுபடி கழற்றித் துடைத்தேன்.

திடீரென்று ஹாரன் அலறியது. விடாமல் அலறியது. எட்டிப் பார்த்தேன். முயுண்டாவின் நெற்றி ஸ்டியரிங் மேல் கிடந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தவன், தூங்கியதை மறைக்கிற மாதிரி பல்லைக் காட்டினான்.

“இவ்வளவு நேரமா என்னடா தேடற? நீயே ஒயர வெட்டி விட்டுட்டு நீயே தேடறியா?”

“ஆமா” என்றேன். “நான்தான் வெட்டினேன்.”

அவன் என்னைப் பார்த்தான்.

“உங்க முதலாளிதான் வெட்டச் சொன்னாரு. நிக்கிற இடத்துல எல்லாம் ஏசிக்காக இன்ஜின ஓட விட்டு டீசலத் தீக்கறீங்களாம். உங்க இருபத்தாறு வண்டிக்கும் வெட்டினேன்.”

நிஜம்தான். எங்கள் பக்கம் மே மாதம் குளிர்காலம், அப்போது வெட்டினேன். அந்தக் குளிரில் ஏசியை யார் தேடினார்கள்? கம்ப்ரசருக்குப் போகிற ஒயரை வெட்டி, பழைய டேப்பையே மேலே சுற்றி, புழுதியும் பூசி வைத்தேன். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு டிரைவராக என்னிடமே வருகிறார்கள். நானும் ஒவ்வொரு வண்டியிலும் தேடுகிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சேர்த்துக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். என் கூட்டாளி ஒருவன் அப்படிச் சேர்த்துக் கொடுத்தான். நின்ற வண்டியில் இன்ஜின் ஓடினால், வண்டியில் மாட்டியிருக்கிற கருவி வழியாக முதலாளிக்கு லுசாகாவில் உட்கார்ந்தபடியே தெரியும். அடுத்த வாரமே அவனுக்கும் வேலை இல்லை, அந்த டிரைவருக்கும் வேலை இல்லை. அந்த முதலாளியின் வண்டிகளை நம்பி ஓடுகிற இந்த ரிப்பேர் யார்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

முயுண்டா என் சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால் சேர்த்துக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அதற்காகத்தான் சொன்னேன். நானாகச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

அவன் வெடித்துச் சிரித்தான். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இருபத்தாறு வண்டியா! டோங்காக்காரன் வாயிக்குப் பூட்டே கிடையாதுடா.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தான்.

“நாலு நாளாச்சு மச்சான் இப்படிச் சிரிச்சு. வந்த தூக்கமே போயிடுச்சு. ஏசிய விடு, நான் கிளம்பறேன்.”

பாட்டில் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினான். கேட்டைத் தாண்டி மலைப் பக்கம் திரும்பும்போதும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான்.

நானும் சிரித்துக்கொண்டே கை காட்டினேன்.