தூண் கணக்கு

"மறுபடியும் தப்பு. இந்தக் கணக்குப்படி பார்த்தா உன் கட்டடம் இந்நேரம் தரையில கிடக்கணும்மா!"

பேராசிரியர் தாள்களை மேசையின் குறுக்கே தள்ளினார். கீழே விழுந்ததை அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டாள்.

ஆர்க்கிடெக்சர் படித்து, வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கு வந்திருந்தாள். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று படித்தவள், அது எப்படி நிற்கிறது என்று படிக்க வந்துவிட்டாள். வகுப்புப் பிள்ளைகள் 'அக்கா' என்றார்கள். பேராசிரியர் 'ஆர்க்கிடெக்டம்மா' என்றார். அதில் பாதிக்கு மேல் கிண்டல்.

காலையில் மகளைக் கிளப்பி அனுப்ப வேண்டும். பகலெல்லாம் வகுப்பு. மாலையில் வரைபட வேலை. நடுவில், எப்போதோ மறந்துபோன கால்குலஸ். பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும், கண் சொக்கிவிடும். "உனக்கென்ன தலையெழுத்தா?" என்று கேட்டுக் கேட்டுக் கணவனும் ஓய்ந்துவிட்டான்.

"திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன் சார். அதே விடைதான் வருது."

"அப்போ திரும்பத் திரும்ப ஒரே தப்பைப் பண்ணியிருக்கே. ஏம்மா, அழகா வீடு வரைஞ்சுக்கிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். இங்கே வந்து எதுக்கு உயிரை விடறே?"

சேர்ந்த நாளிலிருந்து அவர் கேட்கும் கேள்விதான். அவள் பதிலும் மாறியதில்லை.

"ஒரு ஆர்வம்தான் சார்."

"ஆர்வமாம், ஆர்வம்! சரி, உக்காரு. எங்கே சறுக்கியிருக்கேன்னு நானே காட்டறேன்."

அவர் பேனாவைத் திறந்தார். அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

ஏதாவது ஒரு பழைய கட்டடத்தை எடுத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். அவள் எடுத்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே வீடுகள். மூன்று மாடிக்கென்று கட்டியது. பிற்பாடு ஓர் இன்ஜினியர் சம்மதம் கொடுக்க, நான்காவது மாடியும் ஏறியிருந்தது. அது எந்தக் கட்டடம் என்று அவள் எழுதவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கணக்குப் போட்டவர், பாதியில் பாட்டை நிறுத்தினார். முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்பி அளவு யார் சொன்னது?"

"பூச்சை உடைச்சு நானே அளந்தேன் சார்."

"கான்கிரீட்?"

"மாதிரி எடுத்து நம்ம லேப்ல நசுக்கிப் பார்த்தேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "நீ போட்டது சரிதாம்மா. நடு வரிசைத் தூண் தாங்காது. இதுல... ஆள் குடியிருக்காங்களா?"

"இருக்காங்க சார். என் அக்காவும் அவ பிள்ளைங்களும் அங்கேதான் இருக்காங்க."

பேராசிரியர் எழுந்தே விட்டார்.

"பைத்தியமா உனக்கு? இதைக் கையில வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கே? இன்னிக்கே எல்லாரையும் வெளியேத்து! தூணுக்கு முட்டுக் கொடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது!"

"என் பேச்சை யாரும் கேக்கலை சார். ஆர்க்கிடெக்டா வேலை பார்த்தப்பவே, தூண்ல வெடிப்பைப் பார்த்துட்டுச் சொன்னேன். சம்மதம் கொடுத்த இன்ஜினியர் சொல்லட்டும், காலி பண்றோம்னாங்க. வேற இன்ஜினியருங்களைக் கூப்பிட்டா, அவர் சரின்னு சொன்னதுல நாங்க கை வைக்க மாட்டோம்னு நழுவிட்டாங்க."

"யாரு அந்தப் பெரிய மனுஷன்? வாத்தியார் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நானும் வருஷக்கணக்கா இதே தொழில் பண்ணினவன்தான். மூணு மாடித் தூண் மேல கண்ணை மூடிக்கிட்டு நாலாவதை ஏத்த விட்டிருக்கான், அவனெல்லாம் இன்ஜினியரா? அவன்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"ஃபோன் பண்ணிக் கேட்டேன் சார். 'ஜன்னலுக்குக் கலர் சொல்றவங்க தூணைப் பத்திப் பேச வேண்டாம்'னு வெச்சுட்டார். அதுக்கப்புறம்தான் படிக்க வந்தேன்."

"இப்பப் போய்ச் சொல்லும்மா! இந்தக் கணக்கை அவன் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டு. எப்படி ஒத்துக்காம போறான்னு நானும் பார்க்கறேன்!"

அவள் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். இந்த நிமிஷத்தை எத்தனையோ முறை பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். இப்போது கோபமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. எங்கேயாவது படுத்துத் தூங்கினால் தேவலை என்றுதான் இருந்தது.

"ஒத்துக்கிட்டார் சார். இப்பதான்... இன்னிக்கே எல்லாரையும் வெளியேத்தச் சொல்லிட்டார்."