தசைநாணோடு வந்த கறி

"எர்மெக்! இன்னைக்கும் உன் வேலையைக் காட்டிட்டியா?"

கஜகஸ்தானின் அல்மாட்டி சந்தையில் குதிரைக்கறி வரிசையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் ராய்கான் பொட்டலத்தை மேடைமேல் தொப்பென்று போட்டாள்.

"என்னக்கா ஆச்சு?" என்றான் எர்மெக், கத்தியைத் துடைத்தபடி.

"தசைநாண் மட்டும்தானே கேட்டேன்? கூட எதுக்குக் கறி? ரெண்டையும் சேர்த்து அறுக்கிறதுல தசைநாண்ல கத்தி பட்டுடுது. இந்த வாரத்துல இது மூணாவது. தைச்சு இழுத்தா, தையல் விட்டுதா, உன் கீறல்ல அறுந்துதான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

ஓட்டத்தில் கால் தசைநாண் அறுந்த குதிரைக்கு அங்கே ஒரே வைத்தியம், எர்மெக்கின் கத்திதான். அறுந்ததைத் தைத்து அதை மறுபடி ஓட வைக்க முடியாதா என்பதுதான் ராய்கானின் ஆராய்ச்சி. எந்தத் தையல் தாங்கும் என்று தெரியும்வரை அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

நாய்க்குப் போடுகிற தசைநாணை எர்மெக் சும்மாதான் கொடுத்தான். சும்மா கொடுப்பவன் கறியை ஏன் சேர்க்கிறான்? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"விக்காத பழசை என் தலையில கட்டுறியா?"

"ஐயோ, காலையில வெட்டினதுக்கா! தொடைக்கறி!"

"பின்னே எதுக்கு?"

எர்மெக் தலையைச் சொறிந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கோவிச்சுக்காதீங்க. சோவியத் ஆட்சி போனதுலேர்ந்து உங்க ஆபீஸ்ல சம்பளமே வர்றதில்லையாமே. டாக்டரம்மா ஒருத்தங்க தினம் வந்து நாய்க்குப் போடுற இந்த நரம்பைக் கேட்டா நான் என்ன நினைப்பேன்? கொதிக்க வச்சுக் குடிக்கிறீங்கன்னு..."

"ஆராய்ச்சிக்குன்னு சொன்னேனே!"

"படிச்சவங்க பசிக்குதுன்னா சொல்லுவாங்க? ஆராய்ச்சின்னுதான் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்."

ராய்கான் மேடைமேல் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பழைய கறி என்று நினைத்து ஒரு மாதமாக ஆய்வுக்கூடத்துக் காவல் நாய்க்கு அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாய் கொழுத்துவிட்டது. அவளுக்கோ ஐந்து மாதமாக ரொட்டியும் தேநீரும்தான்.

"அப்ப நிஜமாவே தைக்கிறீங்களா?" எர்மெக்குக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "தையல் தாங்கிட்டா என் கடை காத்து வாங்குமே! சரி, பரவால்ல. நாளையிலேர்ந்து கீறல் படாம நரம்பு மட்டும் கட்டுறேன்க்கா."

தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். நாலடி போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்க மட்டும் முடியவில்லை.

"எர்மெக்... கறியையும் கட்டு. தனியா."